லைப்சிக்கில் அப்பா அம்மாவோடு ஒரு பெந்தெகொஸ்தே விடுமுறை

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கூட்டிப் போகும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: மியூனிக், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, பெர்லின், கை கொடுத்தால் சுவிட்சர்லாந்து. என் அப்பா அம்மாவுக்கும் அதில் பாதியைக் காட்டியாகிவிட்டது. கோட்டைக்கு ஏறும் வழியிலேயே அம்மாவுக்கு முட்டிவலி. பெர்லினில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதிலேயே பொழுது போனது. அதனால் அடுத்த தடவை வந்தபோது லைப்சிக் என்று முடிவு செய்தேன். அங்கே பழைய நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் நகரத்துக்குள் நுழைந்தாயிற்று. தரை சமதளம், உட்கார பெஞ்சுகள் நிறைய. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களோடு போகும்போது இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்பாவுக்காக இன்னொரு காரணமும் இருந்தது. அவர் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோர்க்கும் கம்பாசிட்டராக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்து ஈய எழுத்தைத் தூக்கிப் போடும்வரை அதே வேலைதான். லைப்சிக் பல நூற்றாண்டுகளாகப் புத்தக நகரம். உலகின் முதல் நாளிதழ் என்று சொல்லப்படுவது 1650ல் இங்கேதான் வெளிவந்தது. இசைக் குறிப்புகளை அச்சிடும் பிரைட்கோப் நிறுவனம் 1719ல் இங்கே தொடங்கியது. இன்றும் மார்ச் மாதத்தில் பெரிய புத்தகக் கண்காட்சி நடக்கிறது.

நாங்கள் போனது பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகை வரும் வார இறுதியில். திங்கட்கிழமையும் விடுமுறை என்பதால் எனக்கு லீவு மிச்சம். ஆனால் இந்த நாட்களில் லைப்சிக் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலாவது, ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, விடுமுறை நாளிலும் கிடையாது. பெந்தெகொஸ்தேயில் ஞாயிறும் திங்களும் சேர்ந்து வருவதால் இரண்டு நாள் பாலுக்கும் தயிருக்கும் அலைய நேரும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாங்கி வைத்துவிடுவது நல்லது. அப்படியும் ஏதாவது விட்டுப்போனால் லைப்சிக் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளில் சில திறந்திருக்கும். அந்த நிலையமே பார்க்க வேண்டிய இடம்தான். 1915ல் கட்டி முடித்தது, முகப்பு மட்டும் கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம், உள்ளே மூன்று தளத்துக்குக் கடைகள். 24ஆம் நடைமேடையில் பழைய ரயில் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பார்க்கக் காசு வேண்டாம்.

இரண்டாவது, பெந்தெகொஸ்தே நாட்களில் லைப்சிக் முழுக்கக் கறுப்பு உடை. 1992ல் தொடங்கிய வேவ்-கோதிக்-ட்ரெஃபன் என்ற இசை விழா, கறுப்பு உடையையே அடையாளமாகக் கொண்ட கோதிக் ரசிகர்களின் விழா, இந்த நாட்களில்தான் நடக்கிறது. ஏறக்குறைய 20,000 பேர் வருகிறார்கள். கறுப்பு கவுன், கறுப்புக் குடை, முகத்தில் வெள்ளைப் பூச்சு, சிலர் தலையில் கொம்பு. ஓட்டல் வாடகை எகிறிவிடும், ஆகவே பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வாரம் போக வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் அந்த வாரமே போங்கள் என்றுதான் சொல்வேன். டிராமில் ஏறிய உடனே, தரை கூட்டும் கறுப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண்மணி எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். அம்மா உட்கார்ந்துகொண்டு என் காதில், "பாவம், யாரோ போயிட்டாங்க போலிருக்கு, பெரிய குடும்பமா இருக்கு" என்றாள். விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் பார்வை துக்கத்திலிருந்து தையல் வேலைக்கு மாறியது. வெள்ளிக்கிழமை கிளாரா ஜெட்கின் பூங்காவில் விக்டோரியா காலத்து உடையில் ஒரு பெரிய பிக்னிக் நடக்கும். புல்லில் விரிப்பு போட்டு, வெள்ளித் தட்டும் மெழுகுவத்தியுமாக உட்கார்ந்திருப்பார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் சந்தோஷமாக நிற்பார்கள், கேட்காமல் மூஞ்சிக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

அந்தப் பூங்காவை ஒட்டி ஆற்றங்கரைக் காடு ஒன்று நகரத்துக்கு நடுவிலேயே ஓடுகிறது. மே மாதத்தில் அதன் தரை முழுக்க பேர்லவுஹ் என்கிற காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். நடந்தால் பக்கத்து வீட்டில் யாரோ ரசத்துக்குப் பூண்டு தட்டுவது போல வாசனை. அம்மா இலையைப் பறிக்கக் குனிந்தாள், நான் தடுத்துவிட்டேன். அதே மாதிரி இலையுள்ள நச்சுச் செடியும் அதே சீசனில் முளைக்கும். சந்தையில் கட்டாக விற்கிறார்கள், வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம்.

போக்குவரத்துக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் ஒரு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 2025ல் மாதம் 58 யூரோ, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுக்க டிராம், பஸ், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். இது மாதச் சந்தா என்பதால் நிறுத்த நினைத்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கும் காசு போகும். ஐசிஇ மாதிரி விரைவு ரயிலில் இது செல்லாது. நாங்கள் நூரன்பெர்க்கிலிருந்து லைப்சிக்குக்கு ஐசிஇயில்தான் போனோம், சுமார் இரண்டு மணி நேரப் பயணம். நம்மூர் மாதிரி டிக்கெட்டிலேயே இருக்கை எண் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். விடுமுறை வாரத்தில் பெரியவர்களோடு போகும்போது அந்தச் சில யூரோவில் கஞ்சம் பார்க்கக் கூடாது.

லைப்சிக்கில் பார்க்க வேண்டியது என்ன என்று கேட்டால் நான் முதலில் சொல்வது கேட்க வேண்டியது ஒன்றை. இசையமைப்பாளர் யொஹான் செபஸ்தியான் பாக் 1723 முதல் 1750ல் சாகும்வரை இங்குள்ள தோமா தேவாலயத்தில், தோமாஸ்கிர்ஷெயில், இசை ஆசானாக இருந்தார். அவர் பயிற்றுவித்த சிறுவர் பாடகர் குழு 1212ல் தொடங்கியது. அது இன்றும் அதே இடத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. பள்ளி நடக்கும் காலங்களில் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கும் மோட்டெட் என்னும் இசை வழிபாடு உண்டு. சனிக்கிழமை பெரும்பாலும் பாக் எழுதிய ஒரு கந்தாதாவும், அதாவது வாத்தியங்களோடு பாடும் நீண்ட பாடல் தொகுப்பும், சேரும். உள்ளே போக நிகழ்ச்சித் தாளுக்கு என்று சில யூரோ, அவ்வளவுதான். கச்சேரி அரங்குகளில் இதைக் கேட்க எத்தனை மடங்கு கொடுக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முக்கால் மணி நேரம் முன்னால் போனால் நல்ல இடம் கிடைக்கும். குழு ஊரில் இல்லாத வாரங்களில் வேறு குழு பாடும், ஆகவே தேதியைப் பார்த்துக்கொண்டு பயணத்தை அமையுங்கள்.

பாடுகிறவர்கள் நம் முதுகுக்குப் பின்னால், மேல்மாடத்தில் நிற்கிறார்கள். முன்னால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பீடம் மட்டும். முதலில் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் பஜனையில் உட்கார்ந்து பழகியவள் என்பதால் இரண்டாம் பாட்டுக்குள் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. அப்பாவுக்குச் சங்கீதத்தில் பெரிய ஈடுபாடு இல்லை, அவர் நிகழ்ச்சித் தாளின் எழுத்துருவை ஆராய்ந்துகொண்டிருந்தார். முடிந்த பிறகு முன்பக்கம் போய் பாக்கின் கல்லறையைப் பார்த்தோம். வெண்கலத் தகட்டில் பெயர் மட்டும், மேலே யாரோ வைத்த பூ. போரில் சேதமான வேறொரு தேவாலயத்திலிருந்து 1950ல்தான் அவர் எலும்புகளை இங்கே கொண்டுவந்தார்கள். வெளியே அவருடைய சிலை இருக்கிறது, 1908ல் வைத்தது. கோட்டின் ஒரு பையை மட்டும் வெளியே இழுத்துக் காலியாகக் காட்டுவது போல வடித்திருக்கிறார்கள். சம்பளம் போதவில்லை என்று அவர் நகர சபையோடு மல்லுக்கு நின்ற கதையை நான் சொன்னதும் அப்பாவுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

காபியைப் பற்றி ஒரு முழு கந்தாதாவே எழுதியவர் பாக் என்பதையும் காபிக் குடியரான அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

சாப்பாடு. லைப்சிக் பெயரில் இரண்டு பண்டங்கள் உண்டு, சைவக்காரர்கள் இரண்டிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லைப்சிகர் அல்லர்லை என்றால் மெனு கார்டில் காய்கறிக் கூட்டு மாதிரித்தான் தெரியும். காரட், பட்டாணி, ஆஸ்பரகஸ், காளான் எல்லாம் இருக்கும். ஆனால் பழைய முறைப்படி செய்கிற கடைகளில் ஆற்று இறாலும் கலப்பார்கள். லைப்சிகர் லேர்ஹெ ஒரு சின்ன இனிப்பு, மாவுக் கிண்ணத்துக்குள் ஜாமும் பாதாம் பூரணமும். ஒரு காலத்தில் வானம்பாடிக் குருவியை இங்கே ஆயிரக்கணக்கில் பிடித்துத் தின்றார்களாம், 1876ல் அந்த வேட்டைக்குத் தடை வந்த பிறகு அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த இனிப்பு. குருவி கிடையாது, முட்டை உண்டு. மே மாதம் வெள்ளை ஆஸ்பரகஸ் காலம், வேகவைத்த உருளைக்கிழங்கோடு தட்டு நிறையத் தருவார்கள். மேலே ஊற்றும் மஞ்சள் சாஸில் முட்டை இருக்கும், அதற்குப் பதில் உருக்கிய வெண்ணெய் கேட்டால் தருவார்கள். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நான் ஒரு தாளில் ஜெர்மனில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டேன்: ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், ஓனே ஐயர். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று அர்த்தம். கும்பகோணத்துக்காரி கடைசிச் சொல்லைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பரிமாற வந்தவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனாலும் இரண்டு வேளைக்கு மேல் அவர்களால் வெளியே சாப்பிட முடியாது என்று தெரிந்ததால் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்திருந்தேன். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு டப்பா தயிர். இது போதும். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி கடுகுக்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் பார்க்காது.

நிக்கோலாய் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அம்மா அண்ணாந்து பார்த்து, "இதென்ன தென்னமரமா?" என்றாள். கிட்டத்தட்ட சரிதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உட்புறத்தை மாற்றிக் கட்டியபோது வெள்ளைத் தூண்களின் உச்சியைப் பனை ஓலை விரிந்தது போலச் செய்துவிட்டார்கள். அதே தூண் ஒன்று வெளியே முற்றத்திலும் தனியாக நிற்கிறது. அது அழகுக்கு வைத்ததில்லை. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் இந்தத் தேவாலயத்தில் அமைதிக்கான பிரார்த்தனை நடந்தது. 1989 அக்டோபர் 9 அன்று பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தவர்களோடு ஊர் சேர்ந்துகொள்ள, சுமார் 70,000 பேர் கையில் மெழுகுவத்தியோடு நகரைச் சுற்றி நடந்தார்கள். போலீஸும் படையும் தயாராக நின்றன, சுடவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது. உள்ளே இருந்த அந்த நாளின் துணிச்சல் வெளியே தெருவுக்கு வந்ததன் அடையாளமாகத்தான் அந்தத் தூணையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். திங்கள் பிரார்த்தனை இன்றும் மாலை 5 மணிக்கு நடக்கிறது.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரூண்டே எக்கெ. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் மாவட்ட அலுவலகம், இப்போது மியூசியம், அனுமதி இலவசம். பழைய லினோலியம் தரையும் மங்கலான சுவருமாக அலுவலகத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆவி காட்டிக் கடித உறைகளைத் திறக்கும் இயந்திரம், வேஷம் போட ஒட்டுத் தாடி, சந்தேகப்பட்ட ஆட்களின் உடல் வாசனையைத் துணியில் எடுத்து மூடி வைத்த கண்ணாடி ஜாடிகள். எல்லா விளக்கமும் ஜெர்மனில் என்பதால் ஒலி வழிகாட்டிக் கருவியை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. போலி ரப்பர் முத்திரைகள் இருந்த பெட்டியிடம் அப்பா வெகு நேரம் நின்றார். "வேலை சுத்தம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அச்சுக்கலை மியூசியம். பிளாக்விட்ஸ் என்ற பழைய ஆலைப் பகுதியில், நொன்னன் தெருவில் இருக்கிறது, டிராமில் போகலாம். எல்லா நாளும் திறப்பதில்லை, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை காலை போனோம், கூட்டமே இல்லை. இங்குள்ள இயந்திரங்கள் கண்ணாடிக்குப் பின்னால் தூங்குவதில்லை. எழுத்து வார்ப்பதும், கோர்ப்பதும், அடிப்பதும் நம் கண்ணெதிரே நடக்கிறது. கதவைத் திறந்ததுமே மை, எண்ணெய், சூடான உலோகம் எல்லாம் கலந்த வாசனை. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஒரு மேஜைக்குப் பின்னால் நீல ஏப்ரன் கட்டிய பெரியவர் ஒருவர். அப்பா வயதுதான் இருக்கும். நான் ஜெர்மனில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் தட்டான கேஸின் ஒரு கட்டத்திலிருந்து எழுத்து ஒன்றை எடுத்து, அதைப் பார்க்காமலே கட்டைவிரலால் அடிப்பக்கம் தடவினார். ஈய எழுத்தின் உடம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், நிக் என்பார்கள். விரலுக்கு அது தட்டினால் எழுத்து சரியான பக்கம் இருக்கிறது, கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் அப்பாவின் கட்டைவிரலைத்தான் கவனித்தார். ஒன்றும் பேசாமல், எழுத்தை வரியாகக் கோர்க்கும் கம்போசிங் ஸ்டிக்கை நீட்டினார்.

அப்புறம் அரை மணி நேரத்துக்கு எனக்கு வேலையே இல்லை. அப்பா ஆங்கிலப் பெரிய எழுத்தில் கும்பகோணம் என்று கோர்த்தார். இடையில் ஸ்பேஸ் போட்டு வரியை இறுக்கி, தலைகீழாகவும் இடவலம் மாறியும் கிடந்ததை ஒரு முறை வாசித்துச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெரியவர் மை தடவி ஒரு புரூஃப் எடுத்தார். இருவரும் அதைச் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள். தமிழுக்கு எத்தனை கட்டம் என்று அவர் சைகையில் கேட்க, அப்பா கையை அகல விரித்துக் காட்டினார். உயிர்மெய்யும் கொம்பும் காலும் என்று தமிழ் கேஸ் இவர்களுடையதைவிடப் பெரிது. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பழைய ணை, லை, னை எல்லாம் போனபோது கட்டங்கள் காலியான கதையை அப்பா தமிழிலேயே அவரிடம் சொன்னார். மொழிபெயர்க்கவா என்று கேட்டேன், இரண்டு பேருமே கையமர்த்தினார்கள். பக்கத்தில் லைனோடைப் இயந்திரம் ஒரு வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் அப்பாவின் தீர்ப்பு: "எழுத்து கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆனா மெஷினைப் புள்ளை மாதிரி வச்சிருக்காங்க." எல்லாரையும் தொட விடுவார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. கூட்டமில்லாத நேரத்தில் போய், கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே 1884ல் தொடங்கிய ஷ்பின்னெரை என்னும் பருத்தி ஆலை இருக்கிறது, இப்போது ஓவியர்களின் பட்டறைகளும் கலைக்கூடங்களும் அங்கே.

கடைகள் மூடும் ஞாயிற்றுக்கிழமையைப் பக்கத்து நகரமான ஹாலேவுக்கு வைத்துக்கொண்டோம். மியூசியங்கள் பொதுவாக ஞாயிறு திறந்து திங்கள் மூடும், ஆகவே ஞாயிற்றுக்கிழமையை மியூசியத்துக்கு ஒதுக்கிவிட்டால் நாள் வீணாகாது. லைப்சிக்கிலிருந்து எஸ்-பானில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். இறங்கி டிராமில் ஃபிராங்கெ சதுக்கம்.

1698ல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கெ என்ற பாதிரியார் அநாதைச் சிறுவர்களுக்காகக் கட்டத் தொடங்கிய இடம் இது. பள்ளி, மருந்துக்கடை, அச்சகம், நூலகம் என்று வளர்ந்து ஒரு சின்ன ஊராகவே ஆகிவிட்டது. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு இங்கே படித்தவர். அனுப்பியது டென்மார்க் அரசர், பின்னால் நின்று பணமும் பொருளும் திரட்டிக் கொடுத்தது ஹாலே. தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதலில் போன தமிழ் எழுத்துகளை இங்கேதான் வார்த்தார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஆட்கள், கப்பலில் வந்த கையெழுத்து மாதிரியைப் பார்த்து வடித்த எழுத்து. அளவு பெரிதாகப் போய்விட்டது, காகிதம் கட்டுபடியாகவில்லை. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறியதாக வார்த்துக்கொண்டு 1714-15ல் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். தமிழில் அச்சு அப்போதுதான் முதல்முதலாக வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. கொல்லத்தில் 1578லேயே தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது என்று அப்பா உடனே திருத்துவார், எனக்கும் திருத்தினார். எழுத்து பெரிதாகிப் போனதற்கு மட்டும் அவர் ஹாலேக்காரர்களைக் குறை சொல்லவில்லை. "ஊர் தெரியாம, பாஷை தெரியாம இவ்வளவு பண்ணதே பெரிசு. முதல் வார்ப்பு எவனுக்கும் சரியா வராது."

சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் ஹாலேயில் அச்சானது. நம் தெய்வங்களைப் பற்றி, ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய பெரிய நூலை மட்டும் ஃபிராங்கெ அச்சிட மறுத்துவிட்டார். அது 1867ல்தான், அதுவும் சென்னையில், வெளிவந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக முன்கூட்டியே எழுதிக் கேட்பவர்கள் பார்க்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு மாடியில் இருக்கும் விந்தைப் பொருள் அறை. கூரையிலிருந்து முதலை ஒன்று தொங்கும், 18ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய அலமாரிகளில் சங்கும் எலும்பும் தூர தேசத்துப் பொருட்களும். 1728ல் கட்டிய நூலகத்தையும் விடாதீர்கள். நாடக மேடையின் பக்கத் திரைகள் மாதிரி அலமாரிகள் அடுக்கடுக்காக நிற்கும்.

இந்தத் தொடர்பு லைப்சிக்கிலும் நீள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி மிஷன் பணி லைப்சிக் மிஷனின் கைக்குப் போனது. அதன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் தமிழ் கற்றுத் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856ல் லைப்சிக்கில் வெளியிட்டார்.

அதே ஹாலேயில் நெப்ரா வான்வட்டு இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டு பழமையான வெண்கலத் தட்டு, 32 சென்டிமீட்டர் குறுக்களவு, மேலே தங்கத்தில் சூரியன், பிறை, விண்மீன்கள். 1999ல் புதையல் திருடர்கள் தோண்டி எடுத்து விற்க, 2002ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் போலீஸ் மடக்கிப் பிடித்தது. இருட்டறையில் அது மட்டும் ஒளிரும். ஓர் இடத்தில் ஏழு புள்ளிகள் கொத்தாக இருக்கும், அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்று கருதுகிறார்கள். அம்மா எண்ணிப் பார்த்தாள். "நமக்கு ஆறு பேர்தானே, முருகனை வளர்த்தவங்க. இவங்க யாரைச் சேர்த்துக்கிட்டாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மற்றவை சுருக்கமாக. நெப்போலியனை 1813ல் தோற்கடித்த போருக்காக 1913ல் கட்டிய நினைவுச் சின்னம் 91 மீட்டர் உயரம், 15ஆம் எண் டிராம். கறுத்துப்போன மலை போல நிற்கும். உச்சிவரை 500 படி, லிஃப்ட் பாதிவழிக்குத்தான், கடைசியில் ஒடுக்கமான சுழல் படி. முட்டிவலிக்காரர்கள் கீழே குளத்தங்கரையில் உட்கார்ந்துகொள்ளலாம். நகரத்தை மேலிருந்து பார்க்க ஆசையென்றால் அவுகுஸ்டுஸ் சதுக்கத்துக் கோபுரக் கட்டடம் மேல், 120 மீட்டரில் பார்வைத் தளம். அதன் பக்கத்தில் நிற்கும் பல்கலைக்கழகத் தேவாலயம் புதிது. பழையதைக் கிழக்கு ஜெர்மன் அரசு 1968ல் வெடி வைத்துத் தகர்த்தது. அவுயர்பாக்ஸ் கெல்லர் நிலவறை உணவகத்தின் வாசலில், ஜெர்மன் நாடக நாயகனான ஃபவுஸ்ட் சிலையின் ஒரு கால் மட்டும் பளபளக்கும், தொட்டால் அதிர்ஷ்டமாம். தொட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். 2011ல் திறந்த கோண்ட்வானாலாந்து என்ற கண்ணாடிக் கூரைக்குள் மழைக்காடு, படகில் போகலாம். நம் ஊர் புழுக்கம் அப்படியே இருக்கும், ஸ்வெட்டரைக் கழற்றியதில் அம்மாவுக்கு முதல் தடவையாக உடம்பு இளகியது. யானைக் கொட்டடிக்குக் கணேஷா மந்திர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செருப்போடு நிற்கலாமா என்று அம்மா கேட்டாள்.

பையில் எப்போதும் சில்லறை இருக்கட்டும். பல இடங்களில் கழிப்பறைக்கு 50 சென்ட், ஒரு யூரோ கேட்பார்கள். மியூசியத்திலிருந்து கிளம்புமுன் எல்லோரும் ஒருமுறை போய்விட்டு வருவது என்று எங்களுக்குள் ஒரு சட்டமே போட்டுக்கொண்டோம். குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்துத்தான் விலை, சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் திரும்ப வரும். அப்பா இதைக் கற்றுக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் ஒரு பாட்டிலும் குப்பைக்குப் போகவில்லை.

திரும்பும் ரயிலில் அப்பா, சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். டிரெஸ்டனுக்குப் பக்கம். லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டனுக்கு வட்டார ரயில், அங்கிருந்து காமன்ஸ் போகும் வண்டியில் ஏறினால் வழியில் புல்ஸ்னிட்ஸ் நிற்கும். முழுப் பயணத்துக்கும் அதே மாத டிக்கெட் செல்லும். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது, ரத்து செய்வதைத் தள்ளிப்போட்டேன்.